இரண்டு பல் குறைவு

சிலாவோசுக்கு ஏறும் சாலையில்
நானூறு வளைவு என்கிறார்கள்.
எண்ணியவர் காரில் போயிருப்பார்.
நான் இருபத்தாறாவதில் இறங்கித் தள்ளினேன்,
போன ஆகஸ்டில்.
பின்னால் வந்த பஸ்காரர்
ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.
அதுதான் பொறுக்கவில்லை.

வண்டி எழுபத்தெட்டாம் வருஷத்து மோட்டோபெக்கான்.
பின்சக்கரத்தில் ஐந்து பல்சக்கரம்,
பெரியதற்கே இருபத்து நான்கு பல்தான்.
சமவெளிக்காரன் எவனோ
தன் முழங்காலை நினைத்துச் செய்தது.

"முழங்காலை மாற்ற முடியாது, சக்கரத்தை மாற்று"
என்றாள் ழிஸேல் மினாட்சி, கிரியோலில்.
கோல் ஆலையில் எனக்கு எதிர் மேசை.
கரும்புச் சாற்றில் சர்க்கரை அளக்கிறவள்.
பேரின் வாலில் மதுரையே உட்கார்ந்திருக்கிறது.
அவளுக்கு அது கையெழுத்தின் கடைசிச் சுழி.

தபாலில் வந்தது ஃப்ரீவீல்.
பதினான்கில் தொடங்கி முப்பத்து நான்கில் முடிவது.
கடைசிப் பல்சக்கரம் டீ சாஸர் அகலம்.
திருகிப் பூட்டிச் சுழற்றிவிட்டு
அந்த வண்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே
ஒரு காப்பி குடித்தேன்.

டெரெய்லரை நான் நினைக்கவே இல்லை.
பிரெஞ்சில் அந்தப் பேருக்கு
தடம்புரளச் செய்பவன் என்று பொருள்.
என்னுடையது கறுப்பு பிளாஸ்டிக்,
இருபத்தெட்டுப் பல்லுக்கு மேல் பார்த்ததில்லை.
சாஸரின் கீழ் போனதும்
அதன் மேல்சில்லு பல்லில் உரசி
கறகற என்றது,
கல் கடித்த வாய் மாதிரி.
திருகாணியை முழுக்க உள்ளே விட்டேன்.
கறகற கொஞ்சம் மரியாதையாக வந்தது, அவ்வளவுதான்.

ழிஸேலின் மச்சான் ழான்-ரெனே
கொட்டகையிலிருந்து பிஸ்கட் டப்பா கொண்டுவந்தார்.
அதற்குள் மூன்று, கிரீசும் எறும்பும் ஒட்டி.
ஒன்றுக்குச் ஸ்பிரிங் செத்திருந்தது.
ஒன்று எட்டியது, ஆனால் குட்டைக் கால்,
செயினின் தளர்வை இழுத்துப் பிடிக்கத் தெரியவில்லை.
மூன்றாவது ஜப்பான் சரக்கு,
எழுத்து தேய்ந்து, நாரைக்கால் நீளம்.

ஆய்வுக்கூடத்துத் தாளின் பின்பக்கம்
ழிஸேல் கணக்குப் போட்டாள்.
பின்னால் முப்பத்து நான்கில் பதினான்கு போனால் இருபது.
முன்னால் ஐம்பத்திரண்டில் நாற்பது போனால் பன்னிரண்டு.
உள்வாங்க வேண்டிய தளர்வு முப்பத்திரண்டு.
இது தாங்குவது முப்பது.

"இரண்டு பல் குறைவு," என்றேன், துக்கம் கேட்பவன் குரலில்.
"செயினைப் பெரிதுக்கும் பெரிதுக்கும் அளந்து வெட்டு.
குட்டையாக வெட்டினால் ஒருநாள்
மறதியில் மாற்றுவாய், டெரெய்லரே பிய்ந்து வரும்.
சிறிதும் சிறிதும் சேர்ந்தால் தொங்கும்.
தொங்கட்டும்.
அந்தப் பக்கம் போகாதே, முடிந்தது."

முடிந்ததா?
என் வீட்டிலும் அப்படி இரண்டு உண்டு:
அவள் அண்ணன், என் கடன்.
தனித்தனியே எடுக்கலாம்.
பதினோரு வருஷமாக
ஒரே மூச்சில் எடுத்ததில்லை.

கூலி பணமாக வேண்டாம் என்றாள்,
மேலிருந்து ஒரு கிலோ பருப்பு.

ஞாயிறு, ஆறு மணி, கறுத்த பாறையில் நீர் கசிந்தது.
லீவரில் கிளிக் கிடையாது,
காதால்தான் இடம் கண்டுபிடிக்க வேண்டும்.
இருபத்தைந்தாவது வளைவில் சாஸருக்குத் தள்ளினேன்.
மேல்சில்லுக்கும் பல்லுக்கும் இடையே
ஒரு பருப்பு புகலாம், அவ்வளவு இடைவெளி.
உரசவில்லை.
கால் பைத்தியம் போல் சுற்றியது,
வண்டி நடை வேகத்தில் போனது,
ஆனால் நான் உட்கார்ந்திருந்தேன்.
பின்னால் பஸ்.
இந்த முறை ஹாரன், நீளமாக, எரிச்சலாக.
ஒதுங்காமல் இரண்டு மிதி மிதித்துவிட்டுத்தான் வழிவிட்டேன்.

இறக்கத்தில், பருப்புப் பை முதுகில் குலுங்க,
கை தானாகச் சின்னதுக்குப் போய்விட்டது.
செயின் தொங்கி, சட்டத்தில்
தட், தட் என்று அடித்தது.
உடனே மாற்றியிருக்கலாம்.
நாலு வளைவு கேட்டுக்கொண்டு வந்தேன்.
எதுவும் பிய்ந்து விழவில்லை.